மடை திறக்கும் நேரம்: நெருக்கடியில் அரசு எப்படி முடிவெடுக்கிறது?

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. காலை 6.28க்குச் சுமத்ரா தீவுக்கு அருகே கடலடியில் நிலம் அதிர்ந்தது. சென்னையிலும் பலர் கட்டில் ஆடியதை உணர்ந்து எழுந்தார்கள். மாடி வீட்டுக்காரர்கள் கீழே இறங்கி, அக்கம்பக்கத்தாரோடு கொஞ்ச நேரம் பேசிவிட்டு, பெரிதாக ஒன்றும் இல்லை என்று மேலே போய்விட்டார்கள். நாகப்பட்டினம், கடலூர் கரைகளில் அலை ஏறியபோது இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. ஒரு மீனவர் குப்பத்தைக் காலி செய்ய அந்த நேரம் தாராளம். ஆனால் கரையில் இருந்தவர்களிடம் யாரும் எதையும் சொல்லவில்லை. நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் இறந்தார்கள்.

அறிவியல் தெரியாததால் இப்படி ஆயிற்று என்று சொல்ல முடியாது. பசிபிக் பெருங்கடலுக்கு 1949லிருந்தே சுனாமி எச்சரிக்கை மையம் இருந்தது. தாய்லாந்தின் வானிலைத் துறைத் தலைவராக இருந்த ஸ்மித் தர்மசரோஜா, தன் நாட்டுக் கடற்கரையைச் சுனாமி தாக்கலாம் என்று 1998லேயே எச்சரித்தார். சுற்றுலாத் தொழிலைக் கெடுக்கப் பார்க்கிறார் என்ற பழிதான் அவருக்குக் கிடைத்தது. சுனாமி வந்துபோன சில வாரங்களில் அதே மனிதரைத் தாய்லாந்து அரசு திரும்ப அழைத்து, எச்சரிக்கை அமைப்பை உருவாக்கும் பொறுப்பைக் கொடுத்தது. இந்தியாவில் 2005 டிசம்பரில் பேரிடர் மேலாண்மைச் சட்டம் நிறைவேறியது. 2007 அக்டோபரில் ஹைதராபாத்தில் இந்தியப் பெருங்கடலுக்கான சுனாமி எச்சரிக்கை மையம் வேலையைத் தொடங்கியது.

பல பத்தாண்டுகளாக நகராத ஒன்று மூன்றே ஆண்டுகளில் எப்படி நகர்ந்தது? ‘ஆயிரக்கணக்கானவர்கள் செத்த பிறகுதான் அரசாங்கம் விழிக்கும்’ என்று டீக்கடையில் சொல்லிவிட்டுப் போகலாம். அதில் உண்மை இருக்கிறது, ஆனால் பாதிதான். எத்தனையோ பெரிய சாவுகளுக்குப் பிறகும் அரசுகள் விழிக்கவில்லை. சில சமயம் விழிக்கிறது, சில சமயம் புரண்டு படுக்கிறது. இந்த வேறுபாடு எதனால் வருகிறது என்று ஆராய்வதற்காகவே பொதுக் கொள்கை என்று ஒரு படிப்பு இருக்கிறது. அதில் ஒரே ஒரு கருத்தை மட்டும் இங்கே எளிமையாகச் சொல்லப் பார்க்கிறேன்.

முதலில் ஒரு சொல் சிக்கலைத் தீர்த்துவிடலாம். தமிழில் ‘கொள்கை’ என்றதும் கட்சிக் கொள்கை, கொள்கைப் பிடிப்பு என்றுதான் மனம் போகும். இங்கே பேசுவது அதைப் பற்றி இல்லை. அரசு என்ன செய்வது என்று முடிவெடுக்கிறதோ, என்ன செய்யாமல் இருப்பது என்று முடிவெடுக்கிறதோ, அந்த இரண்டும் சேர்ந்ததுதான் பொதுக் கொள்கை. செய்யாமல் விடுவதும் கொள்கைதான் என்பதைக் கவனியுங்கள். 2004 வரை இந்தியப் பெருங்கடலில் எச்சரிக்கை மையம் இல்லாமல் இருந்ததும் ஒரு கொள்கைதான். யாரும் அதற்குக் கையெழுத்துப் போடவில்லை, அவ்வளவே.

சாதாரண நாட்களில் அரசு எப்படி நடக்கிறது?

மெதுவாக, ஒவ்வொரு அடியாக. சார்லஸ் லிண்ட்புளோம் என்ற அமெரிக்க அறிஞர் 1959லேயே இதை எழுதினார். அரசு எல்லா வழிகளையும் மேசைமேல் பரப்பி, எடைபோட்டு, மிகச் சிறந்ததை எடுப்பதாக நாம் கற்பனை செய்துகொள்கிறோம். நடப்பதோ வேறு. போன வருஷம் என்ன இருந்ததோ அதை எடுத்து, அங்கங்கே கொஞ்சம் கூட்டிக் குறைத்து, இந்த வருஷத்துக்கு வைத்துக்கொள்கிறார்கள். எந்த ஊராட்சியின் வரவு செலவுத் திட்டத்தைப் பார்த்தாலும் இது புரியும்.

இதைச் சோம்பல் என்று நான் நினைக்கவில்லை. 1978ல் பொருளாதார நோபல் பரிசு பெற்ற ஹெர்பர்ட் சைமன் இதற்கு நல்ல காரணம் சொன்னார். மனிதர்களின் நேரமும் கவனமும் கையிலிருக்கும் தகவலும் எப்போதும் குறைவு. அதனால் எல்லா வழிகளையும் தேடிப் பார்க்க முடியாது. ‘இது போதும்’ என்று தோன்றும் முதல் வழி கிடைத்ததும் தேடலை நிறுத்திவிடுகிறோம். மாவட்ட ஆட்சியருக்கும் இது பொருந்தும், முதலமைச்சருக்கும் பொருந்தும்.

இப்போது இதே விஷயத்தை ஒரு புயல் இரவில் வைத்துப் பாருங்கள். நேரம் இன்னும் குறைவு. தகவல் பாதி தப்பு. தொலைபேசி வேலை செய்யவில்லை. ‘இது போதும்’ என்று தோன்றும் முதல் வழி எதுவாக இருக்கும்? கைக்கு எட்டும் தூரத்தில் ஏற்கெனவே என்ன கிடக்கிறதோ அதுதான். நெருக்கடியில் புதிதாக யோசிப்பது மிக அரிது. இந்த ஒரு வரியை நினைவில் வைத்துக்கொண்டால் மீதியெல்லாம் எளிது.

மூன்று வாய்க்கால்

1984ல் ஜான் கிங்டன் என்ற அமெரிக்க அரசியல் அறிஞர் ஒரு கோட்பாட்டை முன்வைத்தார். அரசுக்குள் மூன்று ஓட்டங்கள் தனித்தனியாக ஓடிக்கொண்டிருக்கின்றன என்றார் அவர். நம் ஊர்க் கணக்கில் மூன்று வாய்க்கால் என்று வைத்துக்கொள்வோம்.

முதல் வாய்க்காலில் பிரச்சினைகள் ஓடுகின்றன. ஊரில் ஆயிரம் குறைகள் இருக்கும், ஆனால் எல்லாமே ‘பிரச்சினை’ என்ற பெயரைப் பெறுவதில்லை. கூரை வேய்ந்த பள்ளிக்கூடம் தமிழ்நாட்டில் நெடுங்காலம் ஒரு நிலைமையாக மட்டும் இருந்தது. 2004 ஜூலை 16ல் கும்பகோணத்தில் 94 குழந்தைகள் தீயில் கருகிய அன்று அது பிரச்சினையாக மாறியது. பள்ளிகளில் கீற்றுக் கூரை இருக்கக் கூடாது என்ற உத்தரவு அதற்குப் பிறகுதான் வந்தது.

இரண்டாவது வாய்க்காலில் தீர்வுகள் ஓடுகின்றன. பொறியாளர்கள், விஞ்ஞானிகள், ஓய்வுபெற்ற அதிகாரிகள், தொண்டு நிறுவனத்தார் என்று பலர், தங்களுக்குப் பிடித்த யோசனையைக் கையில் வைத்துக்கொண்டு வருஷக்கணக்கில் காத்திருப்பார்கள். பிரச்சினை வந்த பிறகு தீர்வைத் தேடுகிறோம் என்றுதான் நாம் நம்புகிறோம். கிங்டன் கண்டது பெரும்பாலும் தலைகீழ்: தீர்வுகள்தான் தங்களுக்குப் பொருத்தமான பிரச்சினையைத் தேடி அலைகின்றன.

மூன்றாவது, அரசியல் வாய்க்கால். தேர்தல், ஆட்சி மாற்றம், மக்கள் மனநிலை, பத்திரிகைகளின் சத்தம்.

இந்த மூன்றும் அதனதன் போக்கில் ஓடும். ஏதோ ஒரு சமயம் மூன்றுக்கும் ஒன்றாக மடை திறக்கும். கிங்டன் இதை ஜன்னல் என்றார், கொள்கை ஜன்னல். எனக்கு மடை என்ற சொல்லே நெருக்கமாகப் படுகிறது. ஏனென்றால் மடை திறப்பது மட்டும் போதாது. கோடையில் தூர் வாரி வைத்த வாய்க்காலாக இருந்தால்தான் தண்ணீர் வயலுக்குப் போகும். இல்லாவிட்டால் கரையை உடைத்துக்கொண்டு போகும்.

மடை ரொம்ப நேரம் திறந்திருக்காது. பத்திரிகைகளின் கவனம் வேறு பக்கம் போய்விடும், செலவுக் கணக்கு பயமுறுத்தும், அதிகாரிகள் மாற்றலாகிப் போவார்கள். சில மாதங்கள், அதிகம் போனால் ஓரிரு வருஷம். அதற்குள் தீர்வோடு தயாராக நிற்கும் ஆள் வேண்டும். கொள்கை முனைவோர் என்று அவர்களைச் சொல்வார்கள். ஸ்மித் தர்மசரோஜா அப்படிப்பட்டவர்.

ஒடிசாவில் நடந்தது

எனக்குத் தெரிந்து இந்தியாவில் இந்தக் கோட்பாட்டுக்கு ஒடிசாவைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு இல்லை. கொஞ்சம் நின்று பார்ப்போம்.

1999 அக்டோபர் 29ல் பாராதீப் அருகே பெரும்புயல் கரையைக் கடந்தது. மணிக்கு 260 கிலோமீட்டர் வேகக் காற்று. ஜகத்சிங்பூர் மாவட்டத்தின் எர்சமா வட்டாரத்துக்குள் கடல் பல கிலோமீட்டர் ஏறியது. ஏறத்தாழ 10,000 பேர் இறந்தார்கள். புயல் வருகிறது என்று வானிலைத் துறை முன்கூட்டியே சொல்லியிருந்தது. அதே மாதம் 17, 18 தேதிகளில் கஞ்சம் மாவட்டத்தை இன்னொரு புயல் அடித்துவிட்டுப் போயிருந்தது. எச்சரிக்கை இருந்தது, ஆனால் எச்சரிக்கையைக் கேட்டவர் எங்கே போவார்? அந்த நீண்ட கடற்கரைக்கு இருபத்துச் சொச்சம் புயல் பாதுகாப்புக் கட்டடங்கள்தான் இருந்தன, அவையும் செஞ்சிலுவைச் சங்கம் கட்டியவை. தலைநகர் புவனேஸ்வரமே வெளித்தொடர்பு இல்லாமல் கிடந்தது. டிசம்பரில் முதலமைச்சர் கிரிதர் கமாங் பதவி விலகினார்.

சரி, மூன்று வாய்க்காலையும் பாருங்கள். பிரச்சினை வாய்க்கால் கரைபுரண்டு ஓடுகிறது. அரசியலில் பழைய முகம் போய்விட்டது. 2000ல் தேர்தல் வந்து புது ஆட்சியும் வந்துவிட்டது. தீர்வு? அதுவும் எர்சமாவிலேயே நின்றுகொண்டிருந்தது. புயலில் செஞ்சிலுவைச் சங்கக் கட்டடங்களுக்குள் போய்ச் சேர்ந்தவர்கள் பிழைத்திருந்தார்கள். பக்கத்து ஆந்திரம் 1977ல் திவிசீமைப் புயலில் ஆயிரக்கணக்கானவர்களை இழந்தபின் இத்தகைய கட்டடங்களைக் கட்டத் தொடங்கியிருந்தது. 1970 போலா புயலில் லட்சக்கணக்கானவர்களை இழந்த வங்கதேசம், 1972 முதலே ஊர் ஊராகத் தொண்டர்களைப் பழக்கி எச்சரிக்கை சொல்லும் ஏற்பாட்டை நடத்தி வந்தது. யாரும் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டிய தேவை இல்லை. எட்டிப் பார்த்தால் தெரியும் தூரத்தில் எல்லாம் இருந்தது.

புயல் அடித்து இரண்டே மாதத்தில், 1999 டிசம்பர் 28ல், பேரிடருக்கென்றே தனி அமைப்பை ஒடிசா உருவாக்கியது. இந்தியாவில் ஒரு மாநிலம் இப்படிச் செய்தது அதுவே முதல் முறை. அப்புறம் கடலோரமாகப் பாதுகாப்புக் கட்டடங்கள் எழுந்தன. இன்று 800க்கும் மேல் இருக்கின்றன. இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. அந்தக் கட்டடங்களில் பல, மற்ற நாட்களில் பள்ளிக்கூடமாகவும் ஊர்ப் பொது இடமாகவும் பயன்படுகின்றன. பூட்டிக் கிடக்கும் கட்டடம் பத்தாவது வருஷம் புயல் வரும்போது கதவு துருப்பிடித்து நிற்கும், சாவி யாரிடம் என்று தேட வேண்டியிருக்கும். தினமும் குழந்தைகள் வந்துபோகும் கட்டடத்துக்கு அந்தக் கதி வராது. ஊர்க்காரர்களுக்கும் அது அந்நியமான இடம் இல்லை, கூப்பிட்டால் தயங்காமல் வருவார்கள்.

2013 அக்டோபர் 12ல் பைலின் புயல் கோபால்பூர் அருகே கரையேறியது. மணிக்கு 200 கிலோமீட்டரைத் தாண்டிய காற்று. ஏறத்தாழ 10 லட்சம் பேர் முன்னதாகவே வெளியேற்றப்பட்டிருந்தார்கள். இறந்தவர்கள் 50க்கும் குறைவு. 2019 மே 3ல் பானி புயல் வந்தபோது 12 லட்சம் பேர் இடம் மாற்றப்பட்டார்கள், இறந்தவர்கள் 64. அந்த 64 உயிரும் உயிர்தான். ஆனால் 10,000 எங்கே, 64 எங்கே!

இங்கே கிங்டனின் கோட்பாட்டில் எனக்கு ஒரு குறை தெரிகிறது. மடை திறப்பதை அது நன்றாக விளக்குகிறது, திறந்த பிறகு வருஷக்கணக்கில் தண்ணீர் பாய்ச்சுவதை விளக்குவதில்லை. ஒடிசாவில் 2000ல் முதலமைச்சரான நவீன் பட்நாயக் 2024 வரை அதே பதவியில் இருந்தார். அந்தத் தொடர்ச்சி இல்லாமல் 800 கட்டடங்கள் எழுந்திருக்குமா என்பது சந்தேகமே.

டெல்லியில் இருந்த காகிதம்

நம் பேரிடர் மேலாண்மைச் சட்டம் சுனாமியால் வந்தது என்றுதான் பலரும் சொல்வார்கள். அதன் வேர் இன்னும் பின்னால் இருக்கிறது. 1999 ஆகஸ்டில், ஒடிசாப் புயலுக்கும் முன்பே, ஜே.சி.பந்த் தலைமையில் மத்திய அரசு ஓர் உயர்நிலைக் குழுவை அமைத்தது. அந்தக் குழு வேலை செய்துகொண்டிருந்தபோதே ஒடிசாப் புயல் வந்தது, 2001 ஜனவரி 26ல் குஜராத் பூகம்பமும் வந்தது. 2001 அக்டோபரில் குழு அறிக்கை கொடுத்தது. பேரிடருக்கெனத் தனிச் சட்டம் வேண்டும் என்ற பரிந்துரையும் அதில் இருந்தது. பேரிடர் விவகாரம் வேளாண் அமைச்சகத்திலிருந்து உள்துறைக்கு மாறியது. குஜராத் 2003ல் தனக்கென ஒரு சட்டம் இயற்றிக்கொண்டது. சுனாமி வந்தபோது டெல்லி வெறுங்கையோடு நிற்கவில்லை. காகிதம் இருந்தது, முன்மாதிரி இருந்தது, பேசிப் பழகிய ஆட்களும் இருந்தார்கள். அதனால்தான் ஒரே வருஷத்தில் சட்டம் வந்தது.

அந்தச் சட்டப்படி தேசிய அளவில் பிரதமர், மாநிலத்தில் முதலமைச்சர், மாவட்டத்தில் ஆட்சியர் ஆகியோர் தலைமையில் பேரிடர் மேலாண்மை ஆணையங்கள் இயங்குகின்றன.

கைக்கு எட்டுவதுதான் எடுக்கப்படும் என்று முன்பு சொன்னேன். அதற்குக் கசப்பான பக்கமும் உண்டு. 2020 மார்ச் 24 இரவு 8 மணிக்குப் பிரதமர் தொலைக்காட்சியில் பேசினார். நள்ளிரவு முதல் நாடு முழுவதும் 21 நாள் ஊரடங்கு. அதற்கான ஆணை இந்த 2005 சட்டத்தின் கீழ்தான் பிறப்பிக்கப்பட்டது. புயலையும் அலையையும் மனதில் வைத்து எழுதிய சட்டம், ஒரு கிருமிக்காக எடுக்கப்பட்டது. தொற்றுநோய்க்கென்று இருந்த இன்னொரு சட்டமோ 1897ல் வெள்ளைக்காரர்கள் பிளேக் காலத்தில் எழுதியது. புயல் கரையேறிச் சில மணி நேரத்தில் அடங்கிவிடும், பிறகு மக்கள் வீட்டுக்குப் போகலாம். கிருமி அப்படிப்பட்டது இல்லை. தினக்கூலியை நம்பி வெளியூரில் இருப்பவர் 21 நாள் என்ன சாப்பிடுவார் என்ற கேள்விக்கு அந்த நான்கு மணி நேரத்தில் பதில் தயாராக இருக்கவில்லை. பேருந்தும் ரயிலும் நின்றுபோக, குடும்பம் குடும்பமாக நெடுஞ்சாலையில் நடந்தார்கள். அவர்களுக்கான சிறப்பு ரயில்கள் மே 1ல்தான் ஓடத் தொடங்கின.

சென்னையிலும் சின்ன அளவில் இதே பாடம் கிடைத்தது. ஏப்ரல் 26 முதல் நான்கு நாள் முழு ஊரடங்கு என்று அறிவித்ததும், 25ஆம் தேதி கோயம்பேடு சந்தையில் கூட்டம் அலைமோதியது. கூட்டத்தைத் தடுக்கப் போட்ட உத்தரவே கூட்டத்தைக் கூட்டியது. மே முதல் வாரத்தில் சந்தையையே மூட வேண்டியதாயிற்று.

வாசலில் நிற்கும் அரசு

கோட்பாட்டுப் புத்தகங்களில் முடிவெடுப்பவர்கள் பற்றிய பக்கங்களே அதிகம். ஆனால் வெள்ள நீர் முழங்காலைத் தொடும்போது மக்கள் பார்க்கும் அரசு யார்? கிராம நிர்வாக அலுவலர், தலையாரி, வருவாய் ஆய்வாளர், கிராமச் செவிலியர், துப்புரவுப் பணியாளர், ரேஷன் கடைக்காரர். மைக்கேல் லிப்ஸ்கி என்ற அறிஞர் 1980ல் இவர்களைப் பற்றித்தான் எழுதினார். சட்டசபையில் எழுதுவது கொள்கை இல்லை, கடைசியில் மக்களோடு நேரில் நிற்கும் ஊழியர் என்ன செய்கிறாரோ அதுவே நிஜமான கொள்கை என்பது அவர் வாதம்.

‘எல்லோரையும் வெளியேற்றுங்கள்’ என்று ஆட்சியர் சொல்வது ஒரு வரி. அந்த வரியை வி.ஏ.ஓ. நாற்பது வீட்டு வாசலில் நாற்பது விதமாகப் பேச வேண்டும். ‘மாட்டை விட்டுட்டு எங்க சார் வர்றது?’ என்பார் ஒருவர். படகையும் வலையையும் விட்டு வர மாட்டேன் என்பார் இன்னொருவர். போன முறை முகாமில் பெண்களுக்குக் கழிப்பறையே இல்லை என்று ஒரு அம்மா சொல்வார். இதில் எதுவும் அறியாமை இல்லை, எல்லாமே நியாயமான கணக்கு. அந்த அம்மாவுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் வி.ஏ.ஓ., கழிப்பறையைப் போன வருஷமே கட்டியிருக்க வேண்டியவர் வேறு யாரோ.

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையேறியது. அதற்கு முன் பல்லாயிரக்கணக்கானவர்கள் முகாம்களுக்குக் கொண்டு செல்லப்பட்டிருந்தார்கள், முதல் இரண்டு நாள் அரசுக்குப் பாராட்டுகூடக் கிடைத்தது. பிறகு காட்சி மாறியது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்து கிடந்தன. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தலைமுறையாக வளர்த்த தென்னைகள் லட்சக்கணக்கில் விழுந்தன. குடிதண்ணீர் கேட்டும் மின்சாரம் கேட்டும் மக்கள் சாலையில் அமர்ந்தார்கள். என்ன நடந்தது? ஆட்களை வெளியேற்றுவதற்கு 2004க்குப் பிறகு பழகியிருந்தார்கள். ஒரு தென்னை காய்க்க ஆகும் வருஷங்களை ஈடுகட்டுவது எப்படி என்று யாரும் பழகியிருக்கவில்லை. உயிரைக் காப்பதும் வாழ்க்கையைத் திருப்பிக் கொடுப்பதும் ஒரே வேலை என்று நினைத்துவிடுகிறோம். அவை வேறு வேறு துறை, வேறு வேறு பயிற்சி.

தமிழ்நாட்டில் நல்ல விதமாக நடப்பதையும் சொல்ல வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் சென்னையை மூழ்கடித்தபோது, 6,000 ரூபாய் நிவாரணம் ரேஷன் கடைகள் வழியாகவே போனது. டோக்கன் கொடுத்து, தெருவாரியாக வரிசையில் நிற்க வைத்துக் கொடுத்தார்கள். மாதாமாதம் அரிசி போடும் கடை அது. ஊரில் ஏறக்குறைய எல்லாக் குடும்பத்துக்கும் அட்டை இருக்கிறது, கடைக்காரருக்கு முகங்கள் தெரியும். அந்த ஏற்பாடு யாரும் புயலுக்காகச் செய்தது இல்லை.

தடுத்துவிட்டால் எதைக் காட்டுவது?

முன்கூட்டியே செய்தால் நல்லது என்று எல்லோருக்கும் தெரியும். பிறகு ஏன் செய்வதில்லை? வெள்ளம் வந்தபின் நிவாரணம் கொடுத்தால் படம் எடுக்கலாம். வராமலே தடுத்துவிட்டால் எதைப் படம் எடுப்பது? அமெரிக்கத் தேர்தல்களை ஆராய்ந்து 2009ல் வெளிவந்த ஆய்வு ஒன்று, வாக்காளர்கள் நிவாரணச் செலவுக்கு வாக்களிக்கிறார்கள், தடுப்புச் செலவுக்கு வாக்களிப்பதில்லை என்று கண்டது. நம்மையும் சேர்த்தே சொல்லிக்கொள்ள வேண்டும்.

இதற்கு நம் மண்ணிலேயே ஒரு கொடிய சான்று இருக்கிறது. 1873–74ல் பீகாரில் பஞ்சம் வந்தபோது அங்கே பொறுப்பில் இருந்த ரிச்சர்ட் டெம்பிள், பர்மாவிலிருந்து பெரும் அளவில் அரிசியை இறக்கினார். சாவு மிகக் குறைவு. அதற்கு அவருக்குக் கிடைத்தது பாராட்டு இல்லை. இவ்வளவு செலவு எதற்கு, இது பஞ்சமே இல்லையே என்று மேலிடம் கடிந்துகொண்டது. சாவைத் தடுத்ததே பஞ்சம் இல்லை என்பதற்குச் சான்றாகிவிட்டது!

மூன்று வருஷம் கழித்துச் சென்னை மாகாணத்தில் பஞ்சம் வந்தது. தாது வருஷப் பஞ்சம் என்று நம் பாட்டிமார் சொல்லும் அதே பஞ்சம். வைஸ்ராய் லிட்டன் மேற்பார்வைக்கு அனுப்பியது இதே டெம்பிளை. இந்த முறை அவர் பழைய தவறைச் செய்யக் கூடாது என்று வந்திருந்தார். நிவாரண வேலைக்குக் கொடுத்த கூலியை நாளுக்கு ஒரு பவுண்டு தானியமும் சிறு காசும் என்ற அளவுக்கு வெட்டினார். மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ், உழைக்கும் உடலுக்கு இது போதாது என்று எதிர்த்துப் போராடினார். 1876 முதல் 1878 வரை இந்தியாவில் 50 லட்சம் பேருக்கு மேல் மாண்டார்கள். சென்னையில் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பக்கிங்காம் கால்வாய்ப் பகுதி அந்தப் பஞ்சத்தில் நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. இன்று பறக்கும் ரயிலில் போகிறவர்கள் கீழே பார்க்கும் கறுப்புத் தண்ணீர் அதுதான்.

அந்தச் சாவுகளுக்குப் பிறகு ஒரு மடை திறந்தது. 1880ல் பஞ்ச விசாரணைக் குழு அறிக்கை கொடுத்தது, அதிலிருந்து பஞ்ச விதித் தொகுப்புகள் உருவாயின. அவற்றின் யோசனை இன்றைக்கும் புத்திசாலித்தனமானது. பஞ்சமா இல்லையா என்று பஞ்சத்தின் நடுவில் விவாதிக்காதே. தானிய விலை இந்த அளவு ஏறினால், மக்கள் ஊர் ஊராக அலையத் தொடங்கினால், சோதனைக்கு ஒரு வேலைத்தளம் திற. குறைந்த கூலிக்கும் கூட்டம் வருகிறதா? வந்தால் பஞ்சம், அடுத்த படிக்குப் போ. முடிவை நிதானமான நாளில் எழுதிவைத்துவிட்டால், நெருக்கடி நாளில் அதிகாரி பார்க்க வேண்டியது அடையாளத்தை மட்டும்தான்.

அப்படி முன்பே ஒப்புக்கொண்ட தெளிவான விதி இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்குச் செம்பரம்பாக்கத்தை நினைத்துப் பாருங்கள். ஏரியில் இருப்பது சென்னையின் குடிநீர். முன்னதாகத் திறந்துவிட்டு மழை ஏமாற்றிவிட்டால், கோடையில் குடத்தோடு நிற்பவர்கள் திட்டுவார்கள். திறக்காமல் இருந்து மழை கொட்டிவிட்டால் அடையாறு பொங்கும். 2015 டிசம்பர் 1ல் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை. அன்றிரவு ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறக்கப்பட்டது. பின்னாளில் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை அந்த நீர் மேலாண்மையைக் கடுமையாகக் குறை சொன்னது. 2019 ஜூனில் அதே ஏரி வறண்டு வெடித்துக் கிடந்தது. இரண்டு பயமும் நிஜமானவை என்பதால்தான், இவ்வளவு மட்டம், இவ்வளவு மழை முன்னறிவிப்பு என்றால் இவ்வளவு திறக்கலாம் என்பதைச் சித்திரை வெயிலில் உட்கார்ந்து எழுதி, எல்லோரும் ஒப்புக்கொண்டு வைத்திருக்க வேண்டியிருக்கிறது. கார்த்திகை மாத நள்ளிரவில் ஒரு பொறியாளரின் தலையில் அதைக் கட்டுவது அநியாயம்.

சுனாமியில் தொடங்கினோம். 2012 ஏப்ரல் 11 மதியம் 2 மணி தாண்டியதும் சுமத்ரா பக்கம் மறுபடி கடலடியில் நிலம் அதிர்ந்தது. 8.6 அளவு. சென்னையில் அலுவலகங்கள் காலியாகித் தெருவெல்லாம் ஆட்கள். இந்த முறை ஹைதராபாத் மையத்திலிருந்து சில நிமிடங்களில் எச்சரிக்கை கிளம்பியது. மெரினாவிலிருந்தும் மற்றக் கடற்கரைகளிலிருந்தும் போலீசார் கூட்டத்தைக் கலைத்தார்கள். கரையோரக் குப்பங்களில் பலர் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மேட்டுப் பக்கம் நடந்தார்கள். அன்று நிலத்தட்டுகள் மேலும் கீழுமாக நகராமல் பக்கவாட்டில் நகர்ந்திருந்ததால் பெரிய அலை எழவில்லை. மாலையில் எச்சரிக்கையை விலக்கிக்கொண்டார்கள். ‘ஒண்ணுமே வரலையே, இதுக்கா இவ்வளவு ஓட்டம்’ என்று பேசிக்கொண்டே எல்லோரும் வீட்டுக்குப் போனார்கள்.